தெரியாத ஆப் ஒண்ணு போன்ல இருக்கு: டிஸேபிளா, அன்இன்ஸ்டாலா, ஸ்கேனரா, ரீசெட்டா?

போன்ல ஆப் லிஸ்ட்டைத் திறந்து கடைசி வரைக்கும் இழுத்துப் பாத்தா நாம போடாத பேரு ஒரு இருபது முப்பதாவது இருக்கும், அதுல ஏதோ ஒண்ணு கண்ணை உறுத்தும், உடனே "இதைத் தூக்கிடலாமா, தூக்கினா போன் கெட்டுடுமா, விட்டா காசு போயிடுமா"ன்னு மூணு பயமும் ஒண்ணா வந்து கையைக் கட்டிப் போட்டுடும். இந்த இடத்துல மாட்டிக்கிட்டுத்தான் நிறைய பேர் கேக்குறாங்க, டிஸேபிள் பண்ணா போதுமா, அன்இன்ஸ்டால்தான் பண்ணணுமா, ஆன்டிவைரஸ் போடணுமா, இல்ல பேசாம மொத்தமா ரீசெட் அடிச்சிடலாமான்னு.

எந்த பட்டனை அமுக்குறதுன்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி, அந்த ஆப்பை உள்ள வச்சது யாருன்னு கண்டுபிடிங்க. போன் கம்பெனியே வச்சதா, நீங்களே போட்டு மறந்ததா, வேற ஒரு ஆப் கூட்டிட்டு வந்ததா, இல்ல உங்க போனைக் கையில வாங்கின ஒரு ஆள் வச்சதா. நாலுக்கும் நாலு வழி. ஒண்ணுக்குச் சரியான வழி இன்னொண்ணுக்குத் தப்பா போயிடும், கடைசி வகைல ஆபத்தாவே கூட முடியும்.

## எதை வச்சு எடை போடுறது

அஞ்சு விஷயம் பாக்குறேன். ஒண்ணு, இந்த வழில அது நிஜமாவே போகுமா, இல்ல ஒளிஞ்சுக்குமா. ரெண்டு, தப்பான ஆப்பைத் தூக்கிட்டோம்னா திரும்பக் கொண்டு வர முடியுமா. மூணு, கூடவே நம்ம பொருள் எதெல்லாம் போகும், போட்டோ, சாட், ஓடிபி வர்ற ஆப்பு, இது மாதிரி. நாலு, எவ்வளவு நேரம், எவ்வளவு விவரம் வேணும். அஞ்சாவதை யாரும் யோசிக்கிறதே இல்ல: நாம இதைத் தூக்குறது வேற யாருக்காவது தெரிஞ்சிடுமா, தெரிஞ்சா நமக்கு ஆபத்தா.

## முதல்ல ஆளைக் கண்டுபிடிக்கணும்

ஆண்ட்ராய்டுல சந்தேகமான ஆப்பைத் தொட்டு அதோட 'ஆப் இன்ஃபோ' பக்கத்துக்குப் போங்க, அடி வரைக்கும் இறங்குனா எங்கேருந்து இறக்கினதுன்னு ஒரு வரி இருக்கும். ப்ளே ஸ்டோர்னு இருந்தா ஒரு கதை, ஒரு பிரவுசர் பேரோ மெசேஜ் ஆப் பேரோ இருந்தா, யாரோ அனுப்புன லிங்க்லேருந்து ஏபிகே ஃபைலா (ஸ்டோர் இல்லாம நேரா இன்ஸ்டால் பண்ற ஃபைல்) வந்திருக்குன்னு அர்த்தம், அதை நான் பாதி குற்றவாளின்னே எடுத்துப்பேன். நீங்க தெரிஞ்சே போட்ட வேற ஸ்டோர்லேருந்து வந்ததுன்னா அது வேற விஷயம்.

அடுத்தது பர்மிஷன். கேமரா, மைக் இதெல்லாம் எல்லாரும் பாப்பாங்க, ஆனா பணத்தைத் திருடுற ஆப்புக்கு அதைவிட முக்கியமானது ஆக்ஸசிபிலிட்டி. பார்வை இல்லாதவங்க, கை வராதவங்க போனைப் பயன்படுத்துறதுக்காக வச்ச வசதி அது, அந்த அனுமதி இருந்தா ஒரு ஆப் உங்க ஸ்கிரீன்ல இருக்கிறதைப் படிக்கலாம், உங்களுக்குப் பதிலா பட்டன் அமுக்கலாம். டார்ச் ஆப்புக்கும் பிடிஎஃப் ஆப்புக்கும் அது எதுக்கு? செட்டிங்ஸ் தேடுற பெட்டில ஆக்ஸசிபிலிட்டி, டிவைஸ் அட்மின் (போனைப் பூட்ட, அழிக்க ஒரு ஆப்புக்குக் கொடுக்கிற மேலதிகாரம்), நோட்டிஃபிகேஷன் ஆக்ஸஸ், மத்த ஆப் மேல காட்டுற அனுமதி, தெரியாத ஆப்பை இன்ஸ்டால் பண்ற அனுமதின்னு ஒவ்வொண்ணா தேடி யார் யார் உள்ள இருக்காங்கன்னு பாருங்க. பத்து நிமிஷ வேலை, எந்த ஸ்கேனரையும் விட இதுல உங்களுக்கு அதிகம் தெரியும். இந்த அனுமதியை வச்சு நடந்த திருட்டு அதிகமாகித்தான் 2022ல வந்த ஆண்ட்ராய்டு 13லேருந்து, வெளியிலேருந்து இறக்கின ஆப்புக்கு ஆக்ஸசிபிலிட்டி கொடுக்கப் போனா போன் முதல்ல தடுக்குது. அந்தத் தடையை எப்படி எடுக்கிறதுன்னு ஒரு ஆப்போ, போன்ல பேசுற ஒரு ஆளோ உங்களுக்குப் படிப்படியா சொல்லிக் கொடுத்தா, உடனே நிறுத்திடுங்க.

விளம்பரம் தானா குதிக்குதுன்னா வேற ஒரு வழி இருக்கு. என் அத்தை போன்ல இதுதான் நடந்தது, போனைத் திறந்தா முழு ஸ்கிரீன் விளம்பரம், மூடுற குறி வர்றதுக்கு அஞ்சு செகண்ட், மூடுனா அடுத்தது. ஹோம் ஸ்கிரீன்ல புதுசா ஒண்ணும் இல்ல. விளம்பரம் வந்த அதே நொடில செட்டிங்ஸ்ல ஆப்ஸ் பக்கத்தைத் திறந்தேன், மேல 'சமீபத்தில் திறந்தவை'ன்னு ஒரு சின்ன லிஸ்ட் இருக்கும்ல, அதுல முதல் வரி காலியா இருந்துச்சு. பேரும் இல்ல, படமும் இல்ல, வெறும் வெள்ளை, கீழ சின்னதா "1 நிமிடத்துக்கு முன்"னு மட்டும். பேருக்குப் பதிலா ஒரு இடைவெளி எழுத்தும், ஐகானுக்குப் பதிலா நிறமே இல்லாத ஒரு படமும் வச்சிருந்தாங்க. அந்த வெள்ளை இடத்தைத் தொட்டா ஆப் இன்ஃபோ திறந்துச்சு. அதுக்கப்புறம் நான் என்ன பண்ணேன்னு கீழ சொல்றேன்.

சமீபத்துல இன்ஸ்டால் பண்ணதை மட்டும் சந்தேகப்பட்டா போதாது. ஒரு கோடி பேருக்கு மேல இறக்கி வருஷக்கணக்கா நல்லபடியா ஓடிட்டு இருந்த ஒரு பார்கோடு ஸ்கேனர் ஆப், 2020 கடைசில வந்த ஒரே ஒரு அப்டேட்ல விளம்பரம் துப்புற மால்வேரா (கெட்ட ஆப்பா) மாறுச்சு. ஜனங்க "நான் புதுசா எதுவும் போடலியே"ன்னு குழம்பிப் போனாங்க, அவங்க சொன்னது உண்மைதான். அந்த ஆப்பை ப்ளே ஸ்டோர்லேருந்து எடுத்த பிறகும் ஏற்கெனவே போட்டவங்க போன்ல அது அப்படியே இருந்துச்சு, அவங்கவங்கதான் கையால தூக்க வேண்டியிருந்தது. அதனால ப்ளே ஸ்டோர்ல உங்க ஆப் லிஸ்ட்டை 'சமீபத்தில் அப்டேட் ஆனவை'ன்னு அடுக்கியும் ஒரு தடவை பாருங்க.

## பாவம், இவங்க நிரபராதி

பேரைப் பாத்தா பயமா இருக்கும், ஆனா போனோட சொந்த உறுப்புங்க இவங்க: ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ, கேரியர் சர்வீசஸ், சிம் டூல்கிட், பிரிண்ட் ஸ்பூலர், ஆண்ட்ராய்டு சிஸ்டம் இன்டெலிஜென்ஸ், பிரைவேட் கம்ப்யூட் சர்வீசஸ். வெப்வியூங்கிறது மத்த ஆப்புக்குள்ள வெப்பக்கம் காட்டுற பாகம், 2021 மார்ச்ல அதுக்கு வந்த ஒரு கோளாறான அப்டேட்டால உலகம் முழுக்க ஜிமெயில் உட்பட நிறைய ஆப் திறந்த உடனே மூடிக்கிச்சு. ஒரு பாகம் பிசகினதுக்கே அந்த நிலைமைன்னா அதை மொத்தமா பிடுங்குனா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க.

2025 தொடக்கத்துல நிறைய பேரைக் கலங்கடிச்சது ஆண்ட்ராய்டு சிஸ்டம் சேஃப்டிகோர். யார்கிட்டயும் கேக்காம கூகுள் சத்தமில்லாம இறக்கி விட்டதால ஜனங்க உளவு ஆப்னே நினைச்சாங்க. மெசேஜ்ல வர்ற நிர்வாணப் படத்தை போனுக்குள்ளேயே வச்சு அடையாளம் கண்டு மங்கலாக்கிக் காட்டுறதுக்கான பாகம் அது. சொல்லாம போட்டது தப்புன்னுதான் நானும் சொல்வேன், ஆனா அது திருடன் இல்ல, வேண்டாம்னா அன்இன்ஸ்டால் பண்ணலாம், போனுக்கு ஒண்ணும் ஆகாது, அப்டேட்டோட திரும்ப வந்தாலும் வரும்.

இதுலயும் ஏமாத்து வேலை உண்டு, திருட்டு ஆப்புங்களும் 'சிஸ்டம் சர்வீஸ்', 'சிஸ்டம் அப்டேட்'னு பேரு வச்சுக்கும். பிரிச்சுப் பாக்க ஒரு எளிய சோதனை: நிஜ சிஸ்டம் ஆப்போட இன்ஃபோ பக்கத்துல பெரும்பாலும் 'டிஸேபிள்' பட்டன் இருக்கும், இல்ல எந்த பட்டனும் வேலை செய்யாது. 'சிஸ்டம்'னு பேரு வச்சுக்கிட்டு, 'அன்இன்ஸ்டால்'னும் காட்டி, ப்ளே ஸ்டோர்லேருந்தும் வராம இருந்தா அது வேஷம். நூத்துக்கு நூறு சொல்ல முடியாது, ஆனா நல்ல ஆரம்பம்.

## வழி 1: ஃபோர்ஸ் ஸ்டாப் பண்ணி பர்மிஷனைப் பிடுங்கறது

இதை சிகிச்சைன்னு சொல்ல மாட்டேன், பரிசோதனைன்னு சொல்லலாம். ஆப்பை நிறுத்திட்டு எல்லா பர்மிஷனையும் எடுத்து விட்டுட்டு ஒரு நாள் பாருங்க, விளம்பரம் நின்னுச்சா, பேட்டரி தாங்குதா, வேற ஏதாவது வேலை செய்யாம போச்சா. எதுவும் அழியாது, எப்ப வேணாலும் திருப்பிக்கலாம்.

இதுல மறைஞ்சிருக்கிற நஷ்டம் நம்ம அசட்டுத் தைரியம்தான். நிறுத்துன ஆப்பை இன்னொரு ஆப் எழுப்பி விடலாம், நீங்களே தெரியாம தொட்டுடலாம், அதுவரைக்கும் அது உள்ளேயேதான் இருக்கு. ஆப் கெட்டதான்னே தெரியாதப்போ இது சரி. பேங்க் சம்பந்தமா ஏதோ நடந்திருக்குன்னு சந்தேகம் வந்துட்டா இதுல நேரம் கடத்தாதீங்க.

## வழி 2: டிஸேபிள்

கம்பெனி முன்கூட்டியே வச்சு அனுப்புற ஆப்புக்கு இதுதான் எனக்குப் பிடிச்ச வழி. டிஸேபிள் பண்ணா ஆப் ஓடாது, ஐகான் மறைஞ்சிடும், அப்டேட்டும் டேட்டாவும் போயிடும், ஆனா மூல ஆப் சிஸ்டம் பகுதில தூங்கிட்டு இருக்கும். தப்பா போச்சுன்னா அதே பக்கத்துல 'எனேபிள்' அமுக்குனா முடிஞ்சது. நீங்க விளையாடாத கேம், பயன்படுத்தாத நியூஸ் ஆப், ரெண்டாவது பிரவுசர், கம்பெனியோட சொந்த ஸ்டோர், இதுக்கெல்லாம் இதுவே போதும், கம்ப்யூட்டர்லேருந்து போனுக்குக் கட்டளை கொடுக்கிற ஏடிபி (வழி 5) வரைக்கும் போக வேண்டியதே இல்ல.

நஷ்டம்னா இடம் முழுசா திரும்பக் கிடைக்காது. அப்புறம் ஒரே நேரத்துல பத்து ஆப்பை டிஸேபிள் பண்ணிட்டு மறுநாள் போன் ஏதோ தகராறு பண்ணா எதனாலன்னு கண்டுபிடிக்க முடியாம முழிப்பீங்க, அதனால ஒரு நாளைக்கு ஒண்ணு, நோட்ல எழுதி வச்சுக்கிட்டு. நீங்க இறக்கின ஆப்புக்கும் வெளியிலேருந்து வந்த ஆப்புக்கும் பெரும்பாலும் இந்த பட்டனே இருக்காது, அன்இன்ஸ்டால்தான் இருக்கும்.

## வழி 3: அன்இன்ஸ்டால், தேவைப்பட்டா சேஃப் மோட்ல

நீங்க போட்டது, வேற ஆப் கூட்டிட்டு வந்தது, லிங்க்ல வந்தது எல்லாத்துக்கும் இதுதான் வழி. ஐகானை ஹோம் ஸ்கிரீன்லேருந்து இழுத்து விடுறதை அன்இன்ஸ்டால்னு நினைச்சுட்டு இருக்கிறவங்க நிறைய பேர், அது வெறும் குறுக்குவழியை எடுக்கிறது, ஆப் எங்கேயும் போகல. செட்டிங்ஸ் வழியா இன்ஃபோ பக்கத்துக்குப் போய்த்தான் தூக்கணும்.

பட்டன் மங்கலா இருக்கு, அமுக்க முடியலன்னா பெரும்பாலும் அந்த ஆப் டிவைஸ் அட்மினா உக்காந்திருக்கும். அங்கே போய் டிக் எடுத்துட்டு வந்தா பட்டன் உயிர் பெறும். ஆபீஸ் கொடுத்த போன்னா அட்மின் ஆப் உங்க ஐடி ஆளுங்க வச்சது, அதைத் தொடாம அவங்ககிட்டயே கேளுங்க.

இன்னும் பிடிவாதமான வகை ஒண்ணு உண்டு, செட்டிங்ஸைத் திறந்து அந்த ஆப் பேரைத் தொட்ட உடனே ஸ்கிரீன் தானா பின்னால போயிடும். ஆக்ஸசிபிலிட்டி அனுமதியை வச்சு அதுவே 'பேக்' பட்டனை அமுக்குது. 2021ல பார்சல் வந்திருக்குன்னு எஸ்எம்எஸ் அனுப்பி ஐரோப்பா முழுக்கப் பரவின ஃப்ளூபாட் இதைத்தான் பண்ணுச்சு, தூக்கப் போனா செட்டிங்ஸை மூடிட்டு "சிஸ்டம் சர்வீஸ்ல இதைச் செய்ய முடியாது"ங்கிற மாதிரி ஒரு வரியையும் காட்டும், பாக்கிறவங்க சரி சிஸ்டம் ஆப் போலன்னு விட்டுடுவாங்க. 2022ல போலீஸ் அதோட கட்டமைப்பைக் கைப்பத்துற வரைக்கும் அது ஓடிட்டு இருந்துச்சு.

இதுக்கு மருந்து சேஃப் மோட். பவர் மெனுவை வரவச்சு 'பவர் ஆஃப்'ங்கிறதை விரலை எடுக்காம அழுத்திப் பிடிச்சா நிறைய போன்ல சேஃப் மோடுக்குப் போகலாமான்னு கேக்கும், சில போன்ல ஆன் ஆகுறப்போ வால்யூம் குறைக்கிற பட்டனைப் பிடிக்கணும். சேஃப் மோட்ல நீங்க இறக்கின எந்த ஆப்பும் ஓடாது, அதனால கையைத் தட்டி விட ஆளே இருக்காது, நிதானமா அட்மினை எடுத்து, ஆக்ஸசிபிலிட்டியை எடுத்து, ஆப்பைத் தூக்கிட்டு ரீஸ்டார்ட் பண்ணா போன் பழைய நிலைக்கு வந்துடும். ஹோம் ஸ்கிரீன்ல வச்ச சில விட்ஜெட் காணாம போகலாம், அவ்வளவுதான் நஷ்டம். சேஃப் மோட்லயும் அதே தொல்லை தொடருதுன்னா அது கம்பெனி வச்ச ஆப்பாவோ இன்னும் ஆழமா போன ஒண்ணாவோ இருக்கும், அதுவே உங்களுக்கு ஒரு துப்பு.

அன்இன்ஸ்டால்ல பெரும்பாலானவங்க ஏமாறுற இடம் சந்தா. ஆப்பைத் தூக்கினா ப்ளே ஸ்டோர்லயோ ஆப் ஸ்டோர்லயோ நீங்க கட்டுற சந்தா நிக்காது, மாசாமாசம் பிடிச்சுட்டே இருக்கும். ஸ்டோர்ல உங்க புரொஃபைலுக்குள்ள போய் சந்தாவைத் தனியா ரத்து பண்ணணும். கூகுள் அக்கவுண்ட் வழியா அந்த ஆப்ல நுழைஞ்சிருந்தா அந்த இணைப்பையும் அக்கவுண்ட் செட்டிங்ஸ்ல போய் துண்டிக்கணும். அதோட, அது ஏற்கெனவே வெளிய அனுப்பின கான்டாக்ட், மெசேஜ் எதுவும் திரும்பி வராது.

## வழி 4: ப்ளே ப்ரொடெக்டும் ஆன்டிவைரஸும்

ப்ளே ப்ரொடெக்ட்ங்கிற கூகுளோட சொந்த ஸ்கேனர் ஏற்கெனவே போன்லயே இருக்கு, ப்ளே ஸ்டோர்ல உங்க படத்தைத் தொட்டு உள்ள போய் ஸ்கேன் அமுக்குனா ஒரு நிமிஷம் கூட ஆகாது. எல்லாத்துக்கும் முன்னாடி இதை ஓட விடுங்க, நஷ்டமே இல்ல. அது அணைஞ்சு கிடந்து, நீங்க அணைக்கலன்னா, அதை அணைக்கச் சொன்ன ஆப் எதுன்னு யோசிச்சுப் பாருங்க, பெரும்பாலும் குற்றவாளி அங்கேதான் இருப்பான்.

தனி ஆன்டிவைரஸ் ஆப்ல எனக்குப் பெரிய நம்பிக்கை இல்ல, சும்மா சொல்லல. ஏவி கம்பேரட்டிவ்ஸ்ங்கிற சோதனை நிறுவனம் 2019ல 250 ஆண்ட்ராய்டு பாதுகாப்பு ஆப்பை எடுத்து 2000 கெட்ட ஆப்பை விட்டு சோதிச்சுப் பாத்துச்சு, அதுல 30 சதவீதத்துக்கு மேல பிடிச்சது வெறும் 80 ஆப்புதான். மிச்சத்துல நிறைய பேரளவுக்கு இருந்ததுங்க. 2014ல ப்ளே ஸ்டோர்ல காசு வாங்கிட்டு வித்த வைரஸ் ஷீல்டுங்கிற ஆப், தொட்டா குறியை மாத்திக் காட்டுறதைத் தவிர வேற எதுவுமே பண்ணலன்னு அப்புறம் அம்பலமாச்சு.

அதுக்காக எல்லாமே வேஸ்ட்னு சொல்லல. நல்ல சோதனைல தொடர்ந்து தேறுற, பழைய பேரு உள்ள ஒண்ணை ப்ளே ஸ்டோர்லேருந்து இறக்கி, ஒரு தடவை ஸ்கேன் பண்ணிட்டு வேலை முடிஞ்சதும் தூக்கிடலாம். சந்தேகமான ஆப் பத்து இருக்கு, எதுன்னு தெரியலன்னா இது உதவும். ஸ்கேனரும் உங்ககிட்ட ஏகப்பட்ட பர்மிஷன் கேக்கும், பயமுறுத்தி சந்தா கட்டச் சொல்லும், பேட்டரி குடிக்கும், இதெல்லாம் கணக்குல வச்சுக்கோங்க. வெப்சைட்ல "உங்க போன்ல 5 வைரஸ்"னு சிவப்பா குதிக்கிறது எதுவுமே ஸ்கேன் இல்ல, ஒரு வெப்பக்கத்தால உங்க ஆப்பையெல்லாம் ஸ்கேன் பண்ணவே முடியாது, அதைத் தொட்டு இறக்குறதுதான் உண்மையான வைரஸ். அந்த டேபை மூடுங்க, அவ்வளவுதான்.

## வழி 5: கம்ப்யூட்டர்ல போட்டு ஏடிபி வழியா

பில்ட் நம்பரை 7 தடவை தட்டி டெவலப்பர் ஆப்ஷன் திறந்து, யூஎஸ்பி டிபக்கிங் போட்டு, கம்ப்யூட்டர்லேருந்து கட்டளை கொடுத்து, டிஸேபிள் பட்டன் கூட இல்லாத கம்பெனி ஆப்பையும் தூக்குறது. நிஜத்துல இது முழுசா அழிக்கிறது இல்ல, உங்க பயனர் கணக்குலேருந்து மட்டும் எடுக்குது, மூலம் சிஸ்டம்ல இருக்கும், ரீசெட் அடிச்சா திரும்ப வந்துடும். அது ஒரு வகைல நல்லது, தப்பு பண்ணா திருத்தலாம்.

ஆனா திருத்துற வரைக்கும் படுற பாடு இருக்கே. நண்பர் ஒருத்தர் ஏதோ ஒரு லிஸ்ட்டை அப்படியே காப்பி பண்ணி ஓட விட்டார், அதுல போனோட கீபோர்டும் இருந்திருக்கு, ரீஸ்டார்ட் ஆனதும் லாக் ஸ்கிரீன்ல பாஸ்வேர்டு கேக்குது, அடிக்க எழுத்தே வரல. ஏற்கெனவே அனுமதி கொடுத்த கம்ப்யூட்டர் பக்கத்துல இருந்ததால ஒரு வரி கட்டளைல கீபோர்டைத் திரும்பக் கொண்டு வந்தார், இல்லன்னா மொத்த டேட்டாவும் போயிருக்கும். ஒரு மாடல் போனுக்கு எழுதின லிஸ்ட் இன்னொரு மாடலுக்கு ஒத்து வராது. வேலை முடிஞ்சதும் யூஎஸ்பி டிபக்கிங்கை அணைக்கணும், அது திறந்திருந்தா போனை கேபிள்ல செருகி உங்ககிட்ட அனுமதி வாங்குற எந்தக் கம்ப்யூட்டரும் உள்ள வரலாம், டெவலப்பர் ஆப்ஷன் ஆன்ல இருந்தா சில பேங்க் ஆப் திறக்கவே மாட்டேங்கும். கட்டளையைப் படிச்சுப் புரிஞ்சுக்கிறவங்களுக்கு மட்டும் இது.

## வழி 6: ஃபேக்டரி ரீசெட்

எது கெட்டதுன்னே பிடிபடல, இல்ல பேங்க் ஆப்பை அது பாத்திருக்கு, இல்ல சேஃப் மோட்லயும் தூக்க முடியல, இந்த மூணு நிலைமைலயும் தயங்காம ரீசெட். சந்தேகத்தோட வாழறதைவிட ஒரு ஞாயித்துக்கிழமையை இதுக்குக் கொடுத்துடலாம்.

விலை பெருசுதான். போட்டோ எல்லாரும் ஞாபகம் வச்சிருப்பாங்க, மறக்குறது இதெல்லாம்: ரெண்டடுக்கு கோடு தர்ற ஆத்தென்டிகேட்டர் ஆப், வாட்ஸ்ஆப் பேக்கப், கிளவுடுக்குப் போகாத நோட்ஸ், கால் ரெக்கார்டிங். இ-சிம் இருந்தா அதை வச்சுக்கவான்னு கேக்குறப்போ கவனமா படிச்சு பதில் சொல்லுங்க. கூகுள் பாஸ்வேர்டு மனப்பாடமா தெரியுமான்னு முன்னாடியே வேற கருவில நுழைஞ்சு பாத்துக்கோங்க, ஏன்னா 2015ல ஆண்ட்ராய்டு 5.1லேருந்தே திருட்டுக்குத் தடையா ஒரு பூட்டு வச்சிருக்காங்க, பட்டன் பிடிச்சு ரெக்கவரி மெனு வழியா ரீசெட் பண்ணா பழைய அக்கவுண்ட் பாஸ்வேர்டு இல்லாம போன் திறக்காது.

அப்புறம் நிறைய பேர் பண்ற தப்பு, ரீசெட் முடிஞ்ச உடனே பழைய பேக்கப்பை அப்படியே கொட்டிடுறது. பேக்கப்ல ஆப் லிஸ்ட்டும் இருக்கும், சில கம்பெனிங்களோட, போன் மாத்துறப்போ டேட்டாவைக் கொண்டு வர்ற ஆப் ஏபிகேயையும் சேத்துத் தூக்கிட்டு வரும், தெருவுக்குத் துரத்துன திருடனைக் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டு வந்த மாதிரி ஆகிடும். போட்டோ, கான்டாக்ட் மட்டும் எடுங்க, ஆப்பை ஒவ்வொண்ணா ப்ளே ஸ்டோர்லேருந்து புதுசா போடுங்க.

ரீசெட்டையும் தாண்டி நிக்கிறது அபூர்வமா உண்டு. 2019ல எக்ஸ்ஹெல்பர்னு ஒண்ணு, அப்பவே சுமார் 45,000 போன்ல இருந்ததா பாதுகாப்பு நிறுவனமான சைமன்டெக் சொல்லுச்சு, ரீசெட் அடிச்சாலும் திரும்ப வந்துடும். பெரும்பாலும் ஆண்ட்ராய்டு 6, 7 ஓடின பழைய போன்ல ரூட் அதிகாரம் (போனோட உச்ச அதிகாரம்) பிடிச்சு சிஸ்டம் பகுதிக்குள்ளேயே தன்னை எழுதிக்கிட்டதுதான் காரணம்னு 2020ல இன்னொரு பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கி கண்டுபிடிச்சுச்சு. ரீசெட் உங்க டேட்டா பகுதியைத்தான் துடைக்கும், சிஸ்டம் பகுதியைத் தொடாது. அந்த மாதிரி வந்தா கம்பெனியோட ஒரிஜினல் ஃபர்ம்வேரை (போனோட மூல சாஃப்ட்வேரை) திரும்ப ஏத்தணும், இல்ல அந்த போனை விட்டுடணும். செக்யூரிட்டி அப்டேட் நின்னு போன போன்ல பேங்க் ஆப் வச்சுக்காதீங்கன்னு நான் திரும்பத் திரும்ப சொல்றது இதனாலதான்.

## ஒரே பார்வையில

| வழி | நிஜமா போகுமா | தப்பா தூக்கினா திரும்பக் கிடைக்குமா | என்ன இழப்பு | யாருக்கு |
|---|---|---|---|---|
| ஃபோர்ஸ் ஸ்டாப் | இல்ல | உடனே | ஒண்ணும் இல்ல | சந்தேகம் மட்டும் இருக்கிறப்போ |
| டிஸேபிள் | ஓடாது, ஆனா இருக்கும் | ஒரே தட்டு | அந்த ஆப் டேட்டா | கம்பெனி வச்ச ஆப் |
| அன்இன்ஸ்டால், சேஃப் மோட் | பெரும்பாலும் போகும் | திரும்ப இறக்கணும் | சில விட்ஜெட். சந்தா நிக்காது | நீங்க போட்டது, லிங்க்ல வந்தது |
| ஸ்கேனர் | பிடிச்சா போகும் | ஆமா | பர்மிஷன், பேட்டரி | எதுன்னு தெரியாதப்போ |
| ஏடிபி | உங்க கணக்குல மட்டும் | கட்டளை தெரிஞ்சா | தப்பானா போனே முடங்கும் | விவரம் தெரிஞ்சவங்க |
| ரீசெட் | ஏறக்குறைய எப்பவும் | வராது | பேக்கப் இல்லாத எல்லாம் | பணம், பேங்க் சம்பந்தப்பட்டா |

## உடனே தூக்கக் கூடாத ஒரு நிலைமை

கூட இருக்கிற ஒருத்தரே, இல்ல முன்னாடி கூட இருந்த ஒருத்தர், உங்களைக் கண்காணிக்க ஆப் போட்டிருக்கலாம்னு தோணுச்சுன்னா மேல சொன்ன எதையும் அவசரப்பட்டு பண்ணாதீங்க. நீங்க எங்க இருக்கீங்க, யார்கிட்ட பேசுறீங்கன்னு அவருக்குப் போயிட்டு இருந்த தகவல் திடீர்னு நின்னா, நீங்க கண்டுபிடிச்சுட்டீங்கன்னு அவருக்கு அந்த நிமிஷமே தெரிஞ்சிடும். கோபக்காரரா இருந்தா அதுக்கப்புறம் என்ன நடக்கும்னு உங்களுக்குத்தான் தெரியும். அதோட அந்த ஆப்தான் சாட்சி, தூக்கிட்டா சாட்சியும் போச்சு.

அந்த போன்ல தேடாதீங்க, அதுல யார்கிட்டயும் இதைப் பத்தி பேசாதீங்க. நம்பிக்கையான ஒருத்தர் போன்லேருந்து, உங்களைக் கண்காணிக்கிறவர் கை படாத ஒரு கருவிலேருந்து உதவி அமைப்பையோ போலீஸையோ தொடர்பு கொள்ளுங்க, பாதுகாப்பான இடம் உறுதியான பிறகு தூக்கலாம். இந்த மாதிரி உளவு ஆப்புக்கு எதிரா 2019ல ஸ்டாக்கர்வேருக்கு எதிரான கூட்டணின்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, பாதுகாப்பு நிறுவனங்களும் குடும்ப வன்முறைல பாதிக்கப்பட்டவங்களுக்கு உதவுற அமைப்புங்களும் சேந்து, அவங்க சொல்றதும் இதேதான், முதல்ல ஆளோட பாதுகாப்பு, அப்புறம்தான் போன்.

## ஐபோன் வச்சிருக்கிறவங்களுக்கு

இங்க ஆட்டம் சின்னது. ஒரு ஆப் இன்னொரு ஆப்புக்குள்ள எட்டிப் பாக்க முடியாதபடி பிரிச்சு வச்சிருக்கிறதால ஸ்கேனர் ஆப்புக்கு இங்க வேலையே இல்ல. ஆப் லைப்ரரில எல்லா ஆப்பும் தெரியும், 2024ல வந்த ஐஓஎஸ் 18லேருந்து ஆப்பை ஒளிச்சு வைக்கிற ஃபோல்டர் ஒண்ணு அங்கேயே அடில இருக்கும், அதையும் திறந்து பாருங்க. 'ஆஃப்லோட்'ங்கிறது ஆப்பை மட்டும் எடுத்து டேட்டாவை வச்சுக்கும், சந்தேகமான ஆப்புக்கு 'டிலீட்'தான். செட்டிங்ஸ்ல ஜெனரல் போய் விபிஎன் அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட்ல நீங்க போடாத புரொஃபைல் (வேற ஒருத்தர் போனைக் கட்டுப்படுத்த வைக்கிற செட்டிங்) எதாவது இருந்தா அதுதான் பெரிய விஷயம், அது இருக்கிற வரைக்கும் ஆப்பை மட்டும் தூக்கிப் பிரயோஜனம் இல்ல. உங்க தகவல் யார் யார்கிட்ட பகிரப்படுதுன்னு ஒரே இடத்துல காட்டி வெட்டி விடுற 'சேஃப்டி செக்' 2022ல ஐஓஎஸ் 16ல வந்துச்சு, ஆனா மேல சொன்ன ஆபத்து இருக்கிறவங்க அதை அமுக்குறதுக்கு முன்னாடியும் யோசிக்கணும்.

## அத்தை போன் என்னாச்சு

அந்த வெள்ளை ஐகான் ஆப்போட இன்ஃபோ பக்கத்துல இறங்கிப் பாத்தா பிரவுசர்லேருந்து இறக்கினதுன்னு இருந்துச்சு. நெட்டை அணைச்சேன், பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன், அன்இன்ஸ்டால் பட்டன் மங்கல். டிவைஸ் அட்மின் லிஸ்ட்ல அங்கேயும் ஒரு வெள்ளை வரி, டிக் எடுத்தேன், பட்டன் வந்துச்சு, தூக்கினேன். சேஃப் மோட் தேவைப்படல. ஆக்ஸசிபிலிட்டில அது இல்ல, எஸ்எம்எஸ் அனுமதியும் வாங்கல, அதனால ரீசெட் வரைக்கும் போகல, அந்த ரெண்டுல ஒண்ணு இருந்திருந்தா கண்டிப்பா ரீசெட் அடிச்சிருப்பேன்.

அதுக்கப்புறம் என் போன்லேருந்து அத்தையோட மெயில் பாஸ்வேர்டையும் பேங்க் பாஸ்வேர்டையும் மாத்தினோம், அத்தை போன்லேருந்து மாத்தல. கடைசியா பிரவுசருக்கு இருந்த 'தெரியாத ஆப்பை இன்ஸ்டால் பண்ற' அனுமதியை அணைச்சேன், ஆண்ட்ராய்டு 8லேருந்து அது ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனியா இருக்கு, அந்த பிரவுசருக்கு எப்பவோ யாரோ கொடுத்தது அப்படியே திறந்து கிடந்திருக்கு. "வீடியோ பாக்கணும்னா இதைப் போடுன்னு கேட்டுச்சுப்பா, அமுக்கினேன்"னு அத்தை சொன்னாங்க.